டி-55 டாங்கியின் சிறு பாகங்கள்: பெயின்ட் அடிக்கும்போது எங்கே பிடிப்பது, எதால் பிடிப்பது

வேலை: 1/35 அளவில் ஒரு டி-55 டாங்கி (சோவியத் காலத்துப் போர் வண்டி), பாகங்களை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் கிட். இடம்: புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு வீட்டு மாடி அறை. காலம்: வடகிழக்குப் பருவமழை விட்டு விட்டுப் பெய்த நாட்கள். செய்தவர் ஒரு பொறியியல் மாணவர். கிட் ஒட்டுவதில் நல்ல கை. காற்றழுத்தத்தில் பெயின்ட்டைத் தூறலாக அடிக்கும் ஏர்பிரஷ் மட்டும் புதிது. பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்த முதல் சுற்றிலேயே சக்கரங்களில் பலவற்றை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியதாகிவிட்டது. பெயின்ட் நல்ல பெயின்ட்தான், ஏர்பிரஷ்ஷும் ஒழுங்காகவே வேலை செய்தது. கோளாறு முழுவதும் பாகங்களைப் பிடித்த விதத்தில் இருந்தது. அதனால்தான் இந்த வேலையை எடுத்து விரிவாக எழுதுகிறோம்.

என்னென்ன பாகங்கள்

டி-55க்கு ஒரு பக்கத்துக்கு ஐந்து ஓடு சக்கரங்கள். ஒவ்வொன்றும் உள் தட்டு, வெளித் தட்டு என்று இரட்டை. ஆக இரு பக்கமும் சேர்த்து இருபது தட்டுகள். நிஜ டாங்கியில் சக்கரத்தின் விட்டம் 810 மி.மீ.; 35ஆல் வகுத்தால் 23 மி.மீ. சொச்சம், ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயம் அளவு. முன்னால் சங்கிலி சுற்றித் திரும்பும் ஐட்லர் சக்கரம், பின்னால் சங்கிலியை இழுக்கும் பல்சக்கரம். அவையும் பெரும்பாலான கிட்களில் இரண்டிரண்டு தட்டாகவே வரும். சங்கிலியை மேலே தாங்கும் சிறு உருளைகள் இந்த வண்டிக்குக் கிடையாது. அந்த மட்டும் வேலை மிச்சம்.

சக்கரங்களைத் தவிர கோபுரத்தில் ஆள் இறங்கும் வழிகளின் இரண்டு மூடிகள், முகப்பு விளக்குகள், பின்புறத்து எரிபொருள் பீப்பாய்கள் இரண்டு, 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கி, இழுவைக் கொக்கிகள், மண்வாரி, பீரங்கிக் குழல், மூடிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் கமாண்டர் உருவம். அடிக்கூட்டையும் கோபுரத்தையும் கையால் பிடித்தே அடித்துவிடலாம். கோபுரத்தின் அடியிலுள்ள வட்டத் துளைக்குள் ஒரு தண்ணீர் பாட்டிலின் கழுத்தை நுழைத்து, தொளதொளப்பு இருந்தால் மாஸ்கிங் டேப் சுற்றி இறுக்கிவிட்டால் போதும். தலைவலி கொடுப்பதெல்லாம் விரல் நகத்தளவு சாமான்கள்தான்.

கொலு பொம்மைக்கு அடிப்பாகம் உண்டு. நிறுத்தி வைத்துச் சுற்றி வந்து வண்ணம் தீட்டலாம். டாங்கிச் சக்கரத்துக்கு முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு மூன்றும் கண்ணில் படும். நிறுத்தி வைக்க இடமே இல்லாத பொருள் அது.

முதல் சுற்றில் நடந்தது

எல்லா பாகங்களையும் அவை ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி, கேட் (பாகத்தைச் சட்டத்தோடு இணைக்கும் சிறு காம்பு) விட்ட தழும்புகளை அரத்தால் ராவி, ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். பிறகு ஒரு பிளைவுட் துண்டில் அகல டபுள் சைடு டேப்பை வரிசையாக ஒட்டி, இருபது தட்டுகளையும் அதன்மேல் படுக்கவைத்து, ஏர்பிரஷ்ஷின் காற்றழுத்தத்தை 25 பிஎஸ்ஐயில் வைத்து மேலிருந்து அடித்தார். மற்ற பாகங்களுக்குக் குரோக்கடைல் கிளிப் மாட்டிய மூங்கில் குச்சிகள். அந்தக் குச்சிகளை ஒரு தெர்மாகோல் பெட்டியில் குத்தி வைத்திருந்தார்.

விளைந்த கோளாறுகள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை போலத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தட்டுகளின் விளிம்பில், டேப்பை ஒட்டிய கீழ்ப்பாதியில் பிரைமர் ஏறவே இல்லை. மேலிருந்து நேராக வரும் தூறல் செங்குத்தான சுவரில் படாது. படவைக்க வேண்டுமென்று ஏர்பிரஷ்ஷைச் சாய்த்து அடித்தபோது, காற்று தட்டுக்கும் டேப்புக்கும் நடுவே புகுந்து சிலவற்றைக் கிளப்பிவிட்டது. 25 பிஎஸ்ஐ என்பது இந்த வேலைக்கு அதிகம்.

அதைவிட மோசமானது ‘பாவாடை’. டேப் தட்டைவிட அகலமாக இருந்தால் பெயின்ட் தட்டின் விளிம்பிலிருந்து டேப்பின் மேல் வழிந்து, இரண்டையும் சேர்த்து ஒரே தோலாகக் காயும். காய்ந்த பின் தட்டைப் பிடுங்கினால் தோல் கிழியும்; கிழியும் இடம் டேப்பின் மேல் இருக்காது, தட்டின் விளிம்பில்தான் இருக்கும். சக்கரங்களில் ரப்பர் டயர் வரும் இடம் சரியாக அந்த விளிம்புதான். கருப்பு அடித்த பிறகும் அந்தப் பிசிறு துருத்திக்கொண்டு தெரியும்.

கிளிப்பில் பிடித்த மண்வாரியின் கைப்பிடியில் பல் தடம் பதிந்தது. பாலிஸ்டைரீன் மெத்தென்ற பிளாஸ்டிக். கிளிப்பின் ஸ்பிரிங் அதற்கு மிக முரடு. ஒரு மூடி கிளிப்போடு சேர்ந்தே குச்சியை விட்டுக் கழன்று விழுந்தது. கிளிப்பைக் குச்சியில் ஃபெவிக்விக் வைத்து ஒட்டியிருந்தார். அந்தப் பசை இழுவையைத் தாங்கும், அடியையும் முறுக்கலையும் தாங்காது. கிளிப்பை அழுத்தித் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒட்டில் விழுவது முறுக்கல்தான்.

தெர்மாகோல் பெட்டியின் கதை வேறு. அடித்தது லாக்கர் வகை பிரைமர், அதாவது தண்ணீருக்குப் பதில் காரமான தின்னரில் கரைந்தது. அதிலுள்ள தின்னர் தெர்மாகோலைக் கரைக்கும். தூறல் பட்ட இடமெல்லாம் குழி விழுந்து, குச்சிகள் சாய்ந்து, பெயின்ட் காயாத இரண்டு பாகங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. தண்ணீர் சேர்க்கும் அக்ரிலிக் மட்டுமே அடிப்பதென்றால் தெர்மாகோல் பரவாயில்லை. லாக்கர், எனாமல், ஸ்பிரே டப்பா எதுவானாலும் அது வேண்டாம்.

கடைசியாக, மழை. ஈரப்பதம் மிகுந்த நேரத்தில் லாக்கர் அடித்தால் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பெயின்ட்டின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து வெளிறிப்போகும். சாம்பல் பிரைமரில் அது அவ்வளவாகத் தெரியவில்லை, ஆனால் இரண்டு தட்டுகளில் மாவு பூத்த மாதிரி இருந்தது. இது பிடிப்பான்களின் குற்றம் அல்ல என்றாலும் அவற்றோடு தொடர்பு உண்டு. காய்வதற்கு நேரம் கூடினால் பாகம் குச்சியிலேயே இருக்கும் நேரமும் கூடும். பிடி அத்தனை நேரமும் தாங்க வேண்டும்.

எங்கே பிடிப்பது என்பதுதான் முதல் கேள்வி

கடையில் என்ன கிளிப் கிடைக்கும், எந்தக் கம்பெனியின் ஸ்டாண்ட் நல்லது என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அது இரண்டாவது கேள்வி. பாகத்தை எங்கே பிடித்தால் அந்த இடத்தில் பெயின்ட் இல்லாமல் போனாலும் நஷ்டமில்லை என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அப்படிப்பட்ட இடம் ஏறக்குறைய எல்லா பாகத்திலும் ஒன்று இருக்கிறது: அது பின்னால் எங்கே ஒட்டப்படுமோ அந்த இடம். பிளாஸ்டிக் சிமென்ட் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுவது. பெயின்ட்டின் மேல் அது பிடிக்காது. எனவே ஒட்டும் முகத்தில் பெயின்ட் படாமல் இருப்பது நல்லதும்கூட. பிடிப்பான் அந்த முகத்தை மூடிக்கொண்டால் மாஸ்கிங் செலவும் மிச்சம்.

இந்த முடிவைப் பாகத்தை வெட்டுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். சட்டத்தில் இருக்கும்போதே ஒவ்வொரு கேட்டும் எங்கே தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். கண்ணில் படாத பக்கத்தில் ஒரு கேட் இருந்தால் மற்றவற்றை வெட்டித் தேய்த்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் 15 மி.மீ. நீளச் சட்டத் துண்டோடு விட்டுவிடலாம். அந்தத் துண்டே கைப்பிடி; அதில் கிளிப்பைப் பிடித்தால் பல் தடம் பாகத்தில் படாது. டி-55இன் இழுவைக் கொக்கிகளுக்கும் விளக்குக் கூண்டுகளுக்கும் இதைவிடச் சிறந்த வழி கிடையாது. முதல் சுற்றில் எல்லாவற்றையும் வெட்டி டப்பாவில் போட்டதுதான் உண்மையான தவறு. மற்ற கோளாறுகளில் பாதி அதன் வால்தான்.

சில பாகங்களில் இந்த முடிவு இன்னொரு முடிவைக் கேட்கும். மூடியைத் திறந்து வைப்பதா, மூடி ஒட்டுவதா? மூடி ஒட்டினால் உட்புறத்தில் புட்டி (பிசைந்து ஒட்டி, பிறகு எடுத்துவிடக்கூடிய மெத்தென்ற பசை) வைத்துப் பிடிக்கலாம். திறந்து வைத்தால் உட்புறமும் கண்ணில் படும். பிடிக்க மிஞ்சுவது கீல் மட்டுமே. கமாண்டர் உருவம் வைப்பதால் இந்த வண்டியில் ஒரு மூடி திறந்தது, ஒன்று மூடியது. ஒரே மாதிரி இரண்டு பாகத்துக்கு இரண்டு பிடி.

பிடிப்பான்கள்

குரோக்கடைல் கிளிப் குச்சி. வேலைக்குதிரை என்றால் இதுதான். எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் சிறியது, சுமார் 30 மி.மீ. நீளம், பிளாஸ்டிக் உறை இல்லாதது என்று கேளுங்கள். “மல்டிமீட்டருக்காண்ணே?” என்று கடைப்பையன் கேட்டால், “இல்ல தம்பி, உறை போடாத வெறும் கிளிப்” என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சிவப்பும் கருப்புமாக உறை போட்டதைத்தான் எடுத்துக் கொடுப்பார். கிளிப்பின் பின்புறத்தில் ஒயரை மடக்கிப் பிடிக்க இரண்டு தகட்டு நாக்குகள் இருக்கும். கபாப் குச்சியை, 3 மி.மீ. கனம் உள்ளதை, அதற்குள் செருகி நாக்குகளை மூக்குக் குறடால் இறுக்க மடக்க வேண்டும். பசையே தேவையில்லை. குச்சி சற்று மெலிந்திருந்தால் முனையில் ஒரு சுற்று மாஸ்கிங் டேப். குச்சியின் நீளம் 12 செ.மீ. போதும். கடையில் வரும் 25 செ.மீ. நீளத்திலேயே விட்டால் தலைப்பாரம் கூடி ஆடும், ஸ்டாண்டைத் தொட்டாலே அசையும்.

கிளிப்பின் பற்களை மறைக்க இரண்டு வழி. 3 அல்லது 4 மி.மீ. ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைத் தாடைகளின் மேல் போட்டு லைட்டரால் சூடு காட்டிச் சுருக்கலாம். பிடி மெத்தென்று இருக்கும், ஆனால் தாடை தடித்துப்போவதால் மெல்லிய பாகத்தில் நுழையாது. அல்லது தாடைக்கு ஒரு சுற்று மாஸ்கிங் டேப் போடலாம். மெல்லியது, ஒவ்வொரு வேலைக்கும் புதிதாகச் சுற்ற வேண்டும். இந்த வேலைக்கு இரண்டாவதே வசதி. கடலோரத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மலிவான கிளிப்பின் முலாம் உப்புக்காற்றில் சீக்கிரம் போய் உள்ளே துரு பிடிக்கும். துருத் தூள் ஈரப் பெயின்ட்டில் விழுந்தால் வெளிர் நிறத்தில் பளிச்சென்று தெரியும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வைத்தால் போதும். செருப்பு டப்பாவிலும் மருந்துப் புட்டியிலும் வருவதே போதுமானது.

கிளிப்பும் அடித்தளமும் சேர்த்து விற்கும் செட்டுகள் உண்டு. ஜப்பானின் மிஸ்டர் ஹாபி, தமியா இரண்டும் போடுகின்றன. தரம் நன்று. ஆனால் ஒரு டாங்கிக்கு முப்பது நாற்பது பிடிகள் வேண்டும் என்பதால், வாங்குபவரும் ஒரு செட்டுக்கு மேல் கையாலேயே செய்துகொள்வார்.

ஈர்க்குச்சி. சக்கரத் தட்டுகளுக்கு மூங்கிலைவிட இது மேல். தென்னை ஈர்க்குச்சி அடியில் தடித்து நுனியில் மெலிந்து வருவது. தட்டின் பின்புறத்து அச்சுத் துளை எந்த அளவானாலும் குச்சியின் எங்கோ ஓரிடத்தில் சரியாக இறுகிக்கொள்ளும். தட்டை நுனியிலிருந்து நுழைத்து, இறுகும் வரை தள்ளி, துளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை வெட்டிவிட வேண்டும். தட்டின் முன்பக்கம் துளையில்லாமல் மூடியிருந்தால், முதலில் ஒரு தடவை நுழைத்து இறுகும் இடத்தில் குறி போட்டு, குறிக்கு 3 மி.மீ. மேலே வெட்டித் திரும்ப நுழைக்கவும். பழைய விளக்குமாற்றிலிருந்து உருவக் கூடாது. தூசியும் எண்ணெய்ப் பசையும் இருக்கும். காயாத பச்சை ஈர்க்கும் வேண்டாம். காயும்போது சுருங்கித் தட்டை விட்டுவிடும். நன்றாகக் காய்ந்த புது ஈர்க்கின் அடிப்பாதி சிறந்தது. அதற்கு உள்ள ஒரே குறை வளைவது, 8 செ.மீ.க்கு மேல் விடாதீர்கள்.

டேப் போட்ட ஐஸ் குச்சி. டபுள் சைடு டேப் கெட்டதல்ல, அகலம்தான் கெட்டது. பாகத்தைவிடக் குறுகலாக டேப்பை வெட்டினால் பாவாடை உருவாக வழியே இல்லை. விளக்கின் அடிப்புறம் 4 மி.மீ. என்றால் டேப் 2 மி.மீ. அப்போது பாகம் டேப்பின் மேல் குடை போல நிற்கும். தூறல் விளிம்பைச் சுற்றி உள்ளே மடங்கி வரும், டேப்பைத் தொடாது. மெல்லிய டேப்பையே வாங்குங்கள். ஃபோம் உள்ள தடித்த டேப் காற்றில் அசையும். மழைக்காலத்தில் ஐஸ் குச்சியின் மரம் ஈரம் குடித்திருந்தால் டேப் மரத்திலிருந்தே உரிந்துவரும். முதலில் குச்சியின் மேல் ஒரு மாஸ்கிங் டேப், அதன்மேல் டபுள் சைடு.

புளூ டாக் மாதிரிப் புட்டி. பொருந்தாத வடிவத்துக்கெல்லாம் இதுவே. மூடியின் உட்புறம், பீரங்கிக் குழலின் அடி. இரண்டு விஷயத்தில் எச்சரிக்கை. சித்திரை வெயிலில் மாடி அறையில் இது இளகும். கனமான பாகம் மெல்ல மெல்லச் சாய்ந்து இறங்கிவிடும். நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருந்தால் எண்ணெய்த் தடம் விடும், அதன்மேல் பெயின்ட் நிற்காது. மூடி ஒட்டும் மூடியில் அந்த முகம் உள்ளே போய்விடுவதால் கவலையில்லை. மற்றதில் புட்டியை எடுத்தபின் இன்னொரு புட்டி உருண்டையால் ஒற்றி எடுத்து, பெயின்ட் படாத பிளாஸ்டிக் என்றால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். பெயின்ட் பட்ட இடத்தில் ஆல்கஹால் போகக் கூடாது, அக்ரிலிக்கைக் கிளப்பிவிடும். வண்டி பழசாகத் தெரிய அழுக்கேற்றும்போது டர்பென்டைன் கலந்த வாஷ் (நீர்த்த பெயின்ட்) போடுவதாக இருந்தால் புட்டிப் பிடியை அதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். டர்பென்டைன் புட்டியை இளக்கும். இளகியது பாகமெங்கும் பிசுபிசுக்கும்.

ஃபெவிகால் சொட்டு. டேப் பிடிக்கப் பரப்பே இல்லாத அரிசி அளவுச் சாமானுக்கு. ஐஸ் குச்சியில் வெள்ளை ஃபெவிகால் ஒரு சொட்டு வைத்து, பாகத்தின் ஒட்டும் முகத்தை அதில் நட்டு, ஓர் இரவு காயவிடவும். வேலை முடிந்ததும் குச்சியின் அந்த முனையை மட்டும் தண்ணீரில் நனைத்தால் பசை வெண்மையாகி இளகும். கத்தி முனையால் தட்டினால் கழன்று விழும். தண்ணீரில் இளகும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். நீர் புகாதது என்று அச்சடித்த வகை இதற்கு உதவாது. ஃபெவிக்விக்கை இதே வேலைக்குப் போடுபவர்கள் உண்டு. முனை பிசகினால் பாகமே உடையும் என்பதால் பரிந்துரைக்க மாட்டோம்.

பித்தளைக் கம்பி. இயந்திரத் துப்பாக்கிக்கு வேறு வழியில்லை. 12.7 மி.மீ. வாய் 1/35இல் 0.36 மி.மீ.; கிளிப் பட்டாலே குழல் முறியும். துப்பாக்கி தாங்கியில் உட்காரும் அடிப்புறத்தில் பின் வைஸில் (விரலால் உருட்டும் சிறு கைத்துளைப்பான்) 0.5 மி.மீ. டிரில் பிட் மாட்டி 2 மி.மீ. ஆழம் துளைத்து, அதில் 0.5 மி.மீ. கம்பியை ஃபெவிக்விக் ஒரு பொட்டு வைத்துச் செருக வேண்டும். கம்பியின் மறுமுனை கிளிப்பில். பெயின்ட் முடிந்ததும் கம்பியைப் பிடுங்க வேண்டியதில்லை, 1.5 மி.மீ. மட்டும் விட்டு வெட்டி, தாங்கியிலும் ஒரு துளை போட்டால் அதுவே இணைப்பாணி. நகை ஆசாரிகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் இந்தக் கம்பியும் நுண் பிட்டுகளும் கிடைக்கும். நல்ல சாமணமும் அங்கேதான்.

எரிபொருள் பீப்பாய்களை, அடியில் தாங்கிப் பட்டை வரும் இடத்தில் 2 மி.மீ. துளை போட்டுக் குச்சியில் குத்தலாம். கமாண்டர் உருவத்துக்குக் காலி மாத்திரை டப்பா, மூடியின் மேல் புட்டி. பிடி 25 முதல் 35 மி.மீ. தடிமனாக இருந்தால்தான் நுண் தூரிகை வேலையில் கை நடுங்காது. மெல்லிய குச்சியைப் பிடித்தால் விரல்கள் இறுகி அரை மணியில் வலிக்கும். இரண்டு மணிக்கட்டும் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கட்டும், டப்பா ஒரு கையில், தூரிகை மறு கையில். சங்கிலி ரப்பர் பட்டையாக வந்தால் மேல்முனையில் ஒரு கிளிப்பால் கொடியில் தொங்கவிட்டு, கீழ்முனையில் இன்னொரு கிளிப்பைப் பாரமாக மாட்டினால் சுருளாது.

ஸ்டாண்ட்

அட்டைப்பெட்டிப் பட்டைகளை நிமிர்த்தி அடுக்கி ஒட்டிய கட்டி எல்லோரும் செய்வது. வெயில் காலத்தில் அருமை. ஐப்பசி, கார்த்திகையில் அட்டை ஈரம் குடித்து இளகி, குச்சி குத்திய துளை அகலமாகிவிடும். மணல் நிரப்பிய டின் சாயாது, ஆனால் குச்சியை உருவும்போதெல்லாம் மணல் தூசி எழும்பும். பூ அலங்காரத்துக்கான பச்சை ஃபோமும் தூசிதான்.

இந்த வேலைக்குச் செய்தது மரக்கட்டை. தச்சுப்பட்டறையில் வீணாகக் கிடக்கும் 25 மி.மீ. கனப் பலகைத் துண்டு, ஏறக்குறைய 30 செ.மீ. × 15 செ.மீ. அதில் 3.5 மி.மீ. பிட்டால் 18 மி.மீ. ஆழத் துளைகள், துளைக்குத் துளை 40 மி.மீ. இடைவெளி. சக்கரம் 23 மி.மீ. என்பதால் பக்கத்துச் சக்கரத்தோடு உரசாமல் 17 மி.மீ. மிஞ்சும், விரல் நுழைய அது வேண்டும். குச்சிகளின் கனம் ஒரே கட்டுக்குள்ளேயே 2.5 முதல் 3.5 மி.மீ. வரை மாறும். மெலிந்தவற்றுக்கு அடியில் டேப் சுற்றிக்கொள்ளலாம். ஈர்க்குச்சிகளுக்கு ஒரு வரிசை 2 மி.மீ. துளை தனியாக. ஒவ்வொரு குச்சியிலும் மாஸ்கிங் டேப்பால் சிறு கொடி ஒட்டி அதில் பாக எண். சக்கரத் தட்டுகள் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். உள் தட்டு எது, வெளித் தட்டு எது என்பது பெயின்ட் ஏறிய பின் குழப்பும்.

இரண்டாம் சுற்று

பழைய பிரைமரைத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகு எல்லாம் புதிய பிடிகளில் ஏறின. பெயின்ட் ஊற்றுவதற்கு முன் ஒரு சோதனை: ஒவ்வொரு குச்சியையும் தலைகீழாகப் பிடித்து ஓர் உதறு, பிறகு ஏர்பிரஷ்ஷில் பெயின்ட் இல்லாமல் வெறும் காற்றை 20 பிஎஸ்ஐயில் பல கோணத்திலும் ஊதிப் பார்த்தல். இதில் ஒரு மூடியும் ஒரு விளக்கும் விழுந்தன. விழுந்தவை காய்ந்த பிளாஸ்டிக். பெயின்ட்டோடு தரையில் விழுந்திருந்தால் மறுபடி ஒரு நாள் வேலை. இந்தச் சோதனையைச் செய்யாமல் பெயின்ட்டைத் தொடக்கூடாது என்பது எங்கள் கருத்து.

உண்மையான அடி 15 பிஎஸ்ஐயில், 8 செ.மீ. தூரத்திலிருந்து. மின்விசிறி நிறுத்தம். தூறல் பாகத்தின் மேல் வந்து தொடங்காமல், பாகத்துக்கு வெளியே தொடங்கி அதைக் கடந்து வெளியே முடிய வேண்டும். நேரே மேலே தொடங்கினால் முதல் துளி கனமாக விழும். குச்சியை விரலிடையில் உருட்டிக்கொண்டே முதலில் விளிம்பு, அடுத்து பின்முகம், கடைசியில் முன்முகம். டி-55 சக்கரத்தில் நட்சத்திரம் போல விரியும் புடைப்புகள் இருப்பதால் அவற்றின் இடுக்குகளுக்கு நான்கு பக்கத்திலிருந்தும் சாய்த்து மெல்லிய பூச்சு. மழை தூறிய நேரத்தில் லாக்கரை எடுக்காமல், வெயில் தலைகாட்டிய பிற்பகலில் ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்த தின்னரோடு அடித்ததால் வெளிறல் இல்லை. முகமூடி, திறந்த சன்னல் இரண்டும் அவசியம். லாக்கர் ஆவி மாடி அறையில் தங்கும்.

டயர்தான் இந்த வேலையில் கை பார்க்கும் இடம். கருப்பு ரப்பர் வளையத்துக்கும் பச்சை உலோகத் தட்டுக்கும் நடுவே கோடு கத்தி வெட்டாக நிற்க வேண்டும். முதலில் தட்டு முழுவதும் டயர் நிறம். சுத்தக் கருப்பு வேண்டாம், அடர் சாம்பல் கலந்தது. காய்ந்ததும் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வட்ட டெம்ப்ளேட்டில் உலோகப் பகுதியின் விட்டத்துக்குச் சரியான துளையைத் தேர்ந்து, சக்கரத்தின் மேல் வைத்துப் பச்சை அடித்தால் முக்கால் வேலை முடிந்தது. டெம்ப்ளேட் பாகத்தோடு ஒட்டிப் படிய வேண்டும். இடைவெளி இருந்தால் தூறல் உள்ளே கசிந்து கோடு மங்கும். ஈர்க்குச்சியில் நிற்கும் தட்டு சற்றே ஆடி டெம்ப்ளேட்டோடு தானே படிந்துகொள்ளும். இறுக்கமான மூங்கிலில் அந்த நெளிவு இல்லை.

மிச்சமுள்ள கோட்டைத் தூரிகையால் சரிசெய்யும்போது தூரிகை அசையக் கூடாது, சக்கரம்தான் சுழல வேண்டும். தூரிகை பிடித்த கையை மேசை விளிம்பில் ஊன்றி, நுனியை விளிம்பின் மேல் லேசாகச் சாய்த்து வைத்து, மறு கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஈர்க்கை மெல்ல உருட்டட்டும். பெயின்ட் பால் பதத்துக்கு நீர்த்திருந்தால் வளையத்தின் ஓரமாக அதுவே ஓடிச் செல்லும். கெட்டியாக இருந்தால் தூரிகை தடுக்கித் தடுக்கி நிற்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு திட்டு. டிரில் மெஷினில் மாட்டிச் சுழற்றுபவர்களும் உண்டு. குறைந்த வேகத்திலும் அது 23 மி.மீ. தட்டுக்கு அதிகம்; பெயின்ட் வெளியே தெறிக்கும்.

கழற்றுவது

தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும் கழற்றிவிட ஆசை வரும். மழைக்காலத்தில் லாக்கருக்கு ஓர் இரவு, அக்ரிலிக்குக்கு ஒரு முழு நாள் விட்டுத்தான் தொட வேண்டும். அதுவரை குச்சிகள் ஸ்டாண்டிலேயே, தூசி படாமல் ஒரு பிளாஸ்டிக் பெட்டி கவிழ்த்து. கவிழ்த்த பெட்டியின் ஒரு ஓரத்தில் சிறு கட்டை வைத்துக் காற்றுக்கு வழி விடவும். முழுக்க மூடினால் தின்னர் ஆவி உள்ளேயே நின்று காய்வதைத் தாமதப்படுத்தும்.

டேப்பிலிருந்து எடுக்கும்போது பாகத்தைத் தூக்காதீர்கள். குச்சியைப் பிடித்துக்கொண்டு பாகத்தைப் பக்கவாட்டில் திருகினால் டேப் விட்டுக்கொடுக்கும். ஈர்க்கிலிருந்து எடுக்கவும் அதே திருகல். துளைக்குள் ஈர்க்கின் நார் முறிந்து சிக்கிக்கொண்டால் 1 மி.மீ. பிட்டால் கையாலேயே சுரண்டி எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் அச்சு முழுக்க உள்ளே இறங்காமல் சக்கரம் கோணலாக நிற்கும். இந்த வண்டியில் வலப்பக்கம் மூன்றாம் சக்கரம் அப்படித்தான் நின்று, கழற்றிச் சுத்தம் செய்த பிறகு நேரானது. முதல் சுற்றில் கிளிப் பல் பதிந்த மண்வாரிக் கைப்பிடியின் தழும்பு உப்புத்தாளுக்கு முழுதாக மசியவில்லை. மரக் கைப்பிடி என்பதால் தழும்பு இருந்த பக்கத்தை மேலே காட்டி, அதன்மேல் பழுப்பு வாஷ் போட்டு மர விரிசலாக்கியாயிற்று.